ஆற்றின் மட்டத்திலிருந்து

குரோம்பேட்டையில் படகு என்று சொன்னால் நினைவுக்கு வருவது 2015 டிசம்பர்தான். அந்த மாதம் 1ஆம் தேதிக்கும் 2ஆம் தேதிக்கும் இடையில், ஒரே நாள் கணக்கில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கத்தில் 47. மேலே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்ததில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்வான தெருக்களும் மூழ்கின. கீழே செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி உபரிநீரும் வந்து சேர்ந்துகொள்ள, அனகாபுத்தூரிலிருந்து சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை அடையாறு கரை மீறியது. விமான நிலையமே நீருக்குள் போனது. ராணுவத்தின் ரப்பர் படகுகளும், கடற்கரைக் குப்பங்களிலிருந்து லாரியில் ஏற்றி வந்த மீனவர்களின் ஃபைபர் படகுகளும் நம் தெருக்களில் ஓடின. மொட்டை மாடியிலிருந்து முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் இறக்கி ஏற்றிக்கொண்டு போன அந்தப் படகுகள்தான் இந்தப் புறநகரில் ஒரு தலைமுறை முழுதும் அறிந்த ஒரே படகுப் பயணம். ஆறும் படகும் சேர்ந்தால் ஆபத்து என்ற பாடம் அப்படித்தான் நம் மனத்தில் ஊன்றியது. அந்த நினைவு உண்மையானது. ஆனால் அது மட்டுமே நம் நினைவாக இருப்பது இந்த ஊருக்கும் நல்லதில்லை, ஆற்றுக்கும் நல்லதில்லை என்பது என் உறுதியான கருத்து. அடையாற்றில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் சிறு படகுகள் ஓட வேண்டும். ஆறு முழுக்கச் சுத்தமாகட்டும் என்று காத்திராமல் ஓட வேண்டும். அதில் முதலில் ஏற வேண்டியவர்கள் நம்மைப் போன்ற மேல்கரை ஊர்க்காரர்கள். இந்தக் கட்டுரை அதற்கான வாதம்.

நீரோடு இந்த மண்ணுக்கு இருந்த பழக்கம் 2015இல் தொடங்கியதன்று. திருநீர்மலை என்ற பெயரிலேயே நீர் இருக்கிறது. மலையைச் சுற்றி நீர் சூழ்ந்து நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து, நீர் வடிந்த பிறகே பெருமாளைச் சேவித்தார் என்பது தல வரலாறு. பெருமழையில் இந்தத் தாழ்நிலம் கடலாகும் என்பதை முன்னோர் பெயரிலும் கதையிலும் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். கிழக்கே கடற்கரையை ஒட்டிய பக்கிங்ஹாம் கால்வாயோ ஒரு காலத்தில் சென்னையின் நெடுஞ்சாலை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கே வெட்டத் தொடங்கிய கால்வாய், 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வெட்டி இணைக்கப்பட்டது. ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை உப்பும் விறகும் கிளிஞ்சலும் நெல்லும் அதில் போயின. ஆட்களும் போனார்கள். நண்பர்களோடு தோணி ஏறி மாமல்லபுரம் நோக்கிப் போன பயணத்தைப் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதையாக்கியிருக்கிறார். ஒரு சிறு குழு, ஒரு தோணி, பார்க்க ஓர் ஊர். இன்று படகுச் சுற்றுலா என்று எதைச் சொல்கிறோமோ அதுதான் அது. கரையின் அழகோடு நில்லாமல், அந்தத் தோணியை நகர்த்திய மனிதர்களின் உழைப்பையும் கவிஞரின் கண் பார்த்தது. நீரின் மட்டத்துக்கு இறங்கி உட்கார்ந்தவருக்கு அந்த வேலை செய்யும் முதுகு தெரியும். மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

1965, 1966 புயல்களில் கால்வாய் சிதைந்தது. லாரியும் ரயிலும் சரக்கை எடுத்துக்கொண்டன. பின்னாளில் பறக்கும் ரயிலின் தூண்களே அதன் நடுவில் இறங்கின. 2008இல் அதைத் தேசிய நீர்வழியில் சேர்த்தபோது நகருக்குள் படகு போக இடமே மிஞ்சவில்லை. இதைப் போக்குவரத்து மாற்றமாக மட்டும் பார்த்தால் பெரிய இழப்பில்லை. விறகு இன்று யாருக்கும் தோணியில் வர வேண்டியதில்லை. போனது வேறு. ஒரு நகரத்தின் ஆயிரக்கணக்கான மக்கள் நாள்தோறும் நீரின் அருகில் இருந்து, அதன் நிறத்தையும் மட்டத்தையும் நாற்றத்தையும் கவனித்துவந்த வழக்கம் போனது. நீர்வழியில் படகு போகும்வரை அங்கே குப்பை கொட்டினால் கேட்பதற்கு ஆள் இருந்தது. தோணிக்காரருக்கு ஆழம் வேண்டும், வழி வேண்டும். அவர் போனதும் கால்வாய்க்குக் காவல் போயிற்று. சென்னையில் நீர்நிலைகள் கெட்டதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் விலகியதும் அவற்றில் ஒன்று.

இன்று நாம் அடையாற்றைப் பார்ப்பது பாலத்திலிருந்து. சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்தைப் பேருந்து கடக்கும் சில விநாடிகள். மூக்கை மூடிக்கொண்டு, ஜன்னலையும் மூடிக்கொண்டு. அந்த இடத்தில் 1726இல் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் தம் சொந்தச் செலவில் பாலம் கட்டி, பரங்கிமலைக்கு மக்கள் நடந்து போக வழி செய்தார். அதன் நினைவாக அவர் ஒரு கல்வெட்டும் வைத்தார். பாலத்தில் விரைபவருக்கு அது தெரிவதில்லை. கோட்டூர்புரத்திலிருந்து கிழக்கே நீரில் போனால் நகரத்தின் கதை கரைகளில் வரிசையாக நிற்கும். வடகரையில் 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப், தென்கரையில் 1882 முதல் பிரம்மஞான சபையின் மரத்தோப்பு, திரு.வி.க. பாலம், அதற்கப்பால் அகன்று கிடக்கும் கழிமுகம், உடைந்த பாலம், சீனிவாசபுரமும் ஊரூர்க் குப்பமும். இவற்றின் இடையிடையே, எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இடம்பெறாத மற்றொரு வரிசையும் தெரியும்: கரையைத் துளைத்து வரும் குழாய்கள், மழைநீர் வடிகால் என்ற பெயரில் கோடையிலும் கருப்பாக ஓடும் வாய்கள், கொட்டிய கட்டட இடிபாடு. எந்தக் குழாய், எந்த இடத்தில், எந்த நேரத்தில் திறக்கிறது என்பதைப் பாலத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. வாரம் மூன்று முறை அதே வழியில் போய்வரும் படகோட்டியால் முடியும்.

அடையாற்றில் படகு ஓடுமா என்பதுதான் பலரும் எழுப்பும் முதல் ஐயம். மழைக்காலத்தில் மட்டும் நீர் வரும் ஆறு, ஆதனூரிலிருந்து கடல்வரை 42 கிலோமீட்டர்தான், கோடையில் அனகாபுத்தூரில் காலை நனைக்காமல் கடந்துவிடலாம் என்பார்கள். மேல்பகுதிக்கு இது முழுக்க உண்மை. திருநீர்மலையிலிருந்து படகு விடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கீழ்ப்பகுதியின் கதை வேறு. அங்கே கடலின் ஏற்றவற்றம் ஆற்றுக்குள் சில கிலோமீட்டர் ஏறி வருவதால் ஆண்டு முழுதும் நீர் நிற்கிறது. நிற்பதற்குச் சான்று வேண்டுமானால் போட் கிளப்பே போதும்: நூறாண்டுக்கு மேலாக அதன் துடுப்புப் படகுகள் அடையாற்றில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆகவே அடையாற்றில் படகு ஓடுமா என்ற கேள்விக்கு விடை என்றோ கிடைத்துவிட்டது. யாருக்கு ஓடும் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. உறுப்பினராக இருப்பவர்கள் காலையில் துடுப்புப் போடும் அதே நீரை, ஆற்றின் இரு கரையிலும் குடியிருக்கும் பல லட்சம் பேர் ஒருமுறையாவது நீரின் மேலிருந்து பார்க்கக் கூடாதா? ஆறு பொதுச்சொத்து என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பொதுமை அனுபவத்திலும் இருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது, அது கனமானது. கூவத்தில் இதைச் செய்து பார்த்தோம், தோற்றோம் என்பது அது. 1967இல் அண்ணாவின் ஆட்சியில் கூவம் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. ஆறு தூர்வாரப்பட்டது, கரைகள் கட்டப்பட்டன, படகுத் துறைகள் எழுந்தன. 1970களின் தொடக்கத்தில் உல்லாசப் படகுகள் ஓடின. நீண்ட நாள் ஓடவில்லை. சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கரையோரம் போனால் அந்தத் துறைகளின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். அந்தத் தோல்வியை மறைத்துப் பேசுவதால் பயனில்லை. ஆனால் தோற்றது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தூர்வாரினோம், ஆற்றில் விழும் சாக்கடையை நிறுத்தவில்லை. கரை கட்டினோம், முகத்துவாரத்தில் திரும்பத் திரும்ப அடைக்கும் மணல்மேட்டுக்கு நிலையான வழி செய்யவில்லை. மாடமாளிகைக்குக் கோபுரம் வைப்பதுபோலப் படகு கடைசியில் அலங்காரமாக வைக்கப்பட்டது. அலங்காரம் மங்கியதும் யாரும் அதைத் தேடவில்லை. அந்தப் படகுகளை அன்றாடக் கண்காணிப்பின் கருவியாக அமைத்திருந்தால், அவற்றில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி, எந்த மதகில் எவ்வளவு கழிவு விழுகிறது என்று மாதாமாதம் எழுதி வெளியிட்டிருந்தால், படகை நிறுத்துவது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது. கூவம் தரும் பாடம், படகை வேடிக்கைக்காக விட்டால் வேடிக்கை முடிந்ததும் ஆறும் முடிந்துவிடும் என்பது.

முதலில் சுத்தம், பிறகு படகு என்பது மூன்றாவது மறுப்பு. இதற்குச் சிங்கப்பூரைச் சான்றாகக் காட்டுவார்கள். நல்ல சான்றுதான், தமிழருக்கு நெருக்கமான சான்றும்கூட. சிங்கப்பூர் ஆற்றில் தொடக்க காலத்தில் சரக்குப் படகு தள்ளியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியாத் தமிழர் முக்கியமானவர்கள். ஆற்றங்கரையை ஒட்டிய மார்க்கெட் தெருவில்தான் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. 1977இல் லீ குவான் யூ பத்தாண்டுக் கெடு வைத்தார். 600க்கு மேற்பட்ட பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன, தெருக்கடைகளுக்கு வேறு இடம் கொடுக்கப்பட்டது, 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன, 1987இல் வேலை முடிந்தது. அதே வடிவப் படகுகள் இன்று பயணிகளை ஏற்றுகின்றன. ஆனால் அந்த வரிசை அங்கே நடந்ததற்குக் காரணம், கெடு வைத்தவரே அதை நிறைவேற்றும் முழு அதிகாரத்தோடு அந்தப் பத்தாண்டும் பதவியில் இருந்தார் என்பது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆட்சியும் அதற்கிடையே பலமுறை அதிகாரிகளும் மாறும் நம் ஊருக்குச் சிகாகோவின் வழிதான் பொருந்துகிறது. 1900இல் தன் கழிவு மிச்சிகன் ஏரியில் கலக்காதிருக்க ஆற்றின் போக்கையே திருப்பிய நகரம் அது. அதன்பின் பல பத்தாண்டுகள் அந்த ஆறு கழிவுநீர்க் கால்வாய்தான். 1990களிலேயே கட்டடங்களைக் காட்டும் படகுச் சுற்றுலா அங்கே பெயர்பெற்றுவிட்டது. தனியாகத் துடுப்புப் போடுகிறவர்களும் இறங்கினார்கள். சுத்திகரிப்பு நிலையங்கள் ஆற்றில் விடும் நீரைக் கிருமிநீக்கம் செய்யத் தொடங்கியதோ 2015, 2016இல்தான். மக்கள் இறங்கிப் பழகும் ஆறாக அது மாறிவிட்டதால்தான், அதற்கேற்ற தரம் வேண்டும் என்று நடுவண் சுற்றுச்சூழல் அமைப்பு 2011இல் வலியுறுத்த முடிந்தது. படகு முன்னே போயிற்று, சுத்தம் பின்னால் வந்தது.

அப்படியென்றால் நாற்றத்திலும் கிருமியிலும் மக்களை இறக்குவதா என்று கேட்பது நியாயம். வேண்டாம். நீர் தெறிக்காத, கூரையுள்ள, மெதுவாகப் போகும் படகு வேண்டும். நீரில் இறங்குவதும் கைவிட்டு அளைவதும் கூடாது. நீரின் தரத்தை அளந்து படகுத்துறையில் பலகையில் எழுத வேண்டும். அளவு மோசமான நாளில் படகு நிற்க வேண்டும். படகு நிற்கும் நாள்களும் செய்திதான். இந்த மாதம் எத்தனை நாள் ஆறு படகுக்குத் தகுதியற்றுப் போனது என்று ஒரு எண் வெளிவந்தால், அதைப் பற்றி மன்றக் கூட்டத்தில் கேள்வி எழும். இன்று அப்படி ஒரு எளிய எண் பொதுமக்கள் கையில் இல்லை. பாதுகாப்பைப் பற்றிய அச்சமோ இதைவிடப் பெரியது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர் இறந்தார்கள். இரண்டிலும் படகு தாங்குவதற்கு மேல் ஆட்கள் ஏறியிருந்தார்கள். தானூரில் ஓடியது மீன்பிடிப் படகைச் சுற்றுலாவுக்காக மாற்றி அமைத்தது. சிறு குழு என்று நான் வலியுறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான். பன்னிரண்டு இருக்கை, பன்னிரண்டு உயிர்காப்பு அங்கி, அங்கி போடாதவருக்குப் பயணம் இல்லை, மாலை ஐந்து மணிக்குமேல் படகு இல்லை, வடகிழக்குப் பருவமழையின் உச்சத்தில் சேவை இல்லை. கூட்டத்தை வைத்துப் பணம் பார்க்கும் திட்டமாக இது தொடங்கினால் அன்றே தடுத்துவிடலாம்.

நான்காவது மறுப்பு எனக்கு மிகவும் முக்கியமானது: ஆற்றை அழகாக்குவது என்ற பேச்சு தொடங்கினாலே கரையோரக் குடிசைகள் போய்விடும் என்பது. இது கற்பனை அச்சம் அல்ல. 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் நகரின் நீர்க்கரைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அனுப்பப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்தும் போனார்கள். 2025இல் நமக்குப் பக்கத்து அனகாபுத்தூரிலேயே கரையோர வீடுகள் இடிக்கப்பட்டன. வேலையும் பள்ளியும் இங்கே, வீடு எங்கோ என்று ஆனவர்களின் துன்பத்தின்மேல் ஒரு படகுத்துறை கட்டினால் அது அநியாயம். ஆற்றைக் கெடுப்பது குடிசைகள்தான் என்ற எண்ணத்தையும் இங்கேயே மறுக்க வேண்டும். கரையில் நூறு குடும்பங்கள் இருக்கும் இடத்தில், ஆற்றுக்குள் வரும் குழாயின் மறுமுனையில் ஆயிரக்கணக்கான அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன. அந்தக் குழாயைப் படகிலிருந்து பார்த்தவர் குடிசையைக் குறை சொல்ல மாட்டார். ஆகவே நிபந்தனை இதுவாக இருக்கட்டும்: படகுக்காக ஒரு வீடும் நகரக் கூடாது, படகை ஓட்டுவதும் ஊர்க்கதை சொல்வதும் ஊரூர்க் குப்பம், சீனிவாசபுரம் போன்ற கரையோர மக்களின் கூட்டுறவுக்கே தரப்பட வேண்டும். கழிமுகத்தின் மணல்மேடு எப்போது உடையும், எப்போது அடைக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பறவைகளைக் காப்பதற்கும் அந்த அறிவே உதவும். 58 ஏக்கரில் மீட்டெடுத்த தொல்காப்பியப் பூங்காவின் உப்பங்கழிக்குள் படகு போகவே வேண்டாம். வலசைப் பறவைகள் வரும் மாதங்களில் கழிமுகத்தின் மணல்திட்டுகளுக்கு எட்டியே நிற்கட்டும். ஒலிபெருக்கியும் பாட்டும் வேண்டாம். துடுப்பும் சிறு மின்மோட்டாரும் போதும்.

இதெல்லாம் சென்னை நகரத்தின் விஷயம், குரோம்பேட்டைக்கு என்ன என்று ஒருவர் கேட்கலாம். இந்த வாதத்தின் மையமே அந்தக் கேள்விதான். ஜி.எஸ்.டி. சாலைக்குக் கிழக்கே அஸ்தினாபுரம், நெமிலிச்சேரிப் பக்கம் பெய்வது ஏரிக்கு ஏரி வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. மேற்கே நாகல்கேணி, திருநீர்மலைப் பக்கத்து நீர் அடையாற்றுக்குப் போகிறது. மழைநீர் போகும் வழியில்தான் கழிவுநீரும் போகிறது. இந்த ஊரின் பெயரே அதற்குச் சாட்சி. சேம்பர்ஸ் என்பவர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியின் பெயரால்தான் நாம் குரோம்பேட்டை ஆனோம். தோலைப் பதனிடும் குரோமிய உப்பு நம் முகவரியில் இருக்கிறது. அந்தத் தொழில் பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது, அதை மறக்கக் கூடாது. பம்மல், பல்லாவரம், நாகல்கேணிக் கிணறுகள் அதற்கு விலை கொடுத்தன என்பதையும் மறக்கக் கூடாது. 1990களில் பல்லாவரத்தில் தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. 1996இல் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே விலை தர வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டியது. ஆலைகளுக்கு அந்த விதி வந்தது. வீடுகளுக்கு இன்னும் வரவில்லை. 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்கள் அதில் இன்னும் பல. கழிவுநீர் லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று கேட்காமல் பணம் கொடுத்து அனுப்பும் வீடுகள் நம்முடையவை. நம் கண்ணிலிருந்து மறைந்தது ஒழிந்துவிட்டது என்று நினைக்கிறோம். கோட்டூர்புரத்தில் படகில் உட்கார்ந்தால், நாம் அனுப்பியது அங்கே நமக்கு முன்னால் வந்து நிற்கும்.

எனவே இந்தப் படகை நான் பொழுதுபோக்காகக் கேட்கவில்லை; பொழுது நன்றாகப் போனால் மகிழ்ச்சியே. முட்டுக்காட்டில் 1984 முதல் படகுக்குழாம் நடத்தும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குப் படகு நடத்தத் தெரியும். சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளைக்கு ஆற்றின் வரைபடம் தெரியும். கரையோர மீனவர்களுக்கு நீர் தெரியும். இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்து, கோட்டூர்புரத்திலிருந்து கழிமுகம்வரை இரண்டே இரண்டு படகுகளோடு தொடங்கலாம். தாம்பரம் மாநகராட்சி தன் பங்குக்கு ஒன்று செய்யலாம்: தன் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் ஆண்டுக்கொருமுறை, மழைக்கு முன் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ அந்தப் படகில் ஏற்றி அனுப்பட்டும். தன் தெருவிலிருந்து தொடங்கிய நீர் எங்கே போகிறது என்று அந்தப் பிள்ளை பார்த்துவிட்டு வந்து வீட்டில் கேட்கட்டும். 2015 டிசம்பரில் தங்கள் பிழைப்புக்குரிய படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு, யாரென்று தெரியாத நம்மைக் காப்பாற்ற வந்தவர்கள் கடற்கரை மீனவர்கள். அவர்கள் துடுப்புப் போடும் படகில், நல்ல வெயில் நாளில், பயமில்லாமல் நம் பிள்ளைகள் உட்கார வேண்டும். அந்த முதல் படகின் முதல் இருக்கைகளைக் குரோம்பேட்டைக்கும் முடிச்சூருக்கும் ஒதுக்குங்கள் என்று உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.